மேகக் கணிமையில் தொகையும் தொடரும்

தமிழ்த்துறை மலரில் கணிப்பொறி பற்றிய கட்டுரை எற்றுக்கு என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் இன்று கணிப்பொறியியல் பயில்கின்றனர். பாடத்தில் வரும் சொற்களை அவர்கள் ஒப்பிப்பர். அச்சொல்லின் பொருளை வீட்டிலுள்ளோர்க்குத் தமிழில் விளக்குமாறு கேட்டால் திகைப்பர். அறிவு நாவில் நிற்கிறதேயன்றி உள்ளத்தில் இறங்கவில்லை என்பதற்கு இத்திகைப்பே சான்று. ஆதலின் இக்குறையை ஓரளவேனும் நீக்கும் நோக்குடன், மேகக் கணிமையில் இணைநிலைப் பணிகளின் செயல்திறனை முன்கூட்டியே கணிப்பது எங்ஙனம் என்பதை நம் யாப்பும் நம் வயலும் தரும் உவமைகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் மேகக் கணிமை யாது என்பதைக் காண்போம். நெல் அறுவடைக் காலத்தில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வயல்களில் அறுவடை இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடுகிறது. ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் அவ்வியந்திரத்தை விலைக்கு வாங்குவதில்லை. கணிப்பொறியையும் அங்ஙனம் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் முறையே மேகக் கணிமை. 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் இவ்வாடகை முறையைப் பொதுமக்களுக்குத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் மூன்று தரவு மையங்களை நிறுவியபோது அவற்றுள் ஒன்று சென்னையில் அமைந்தது. நடுவணரசு தன் துறைகளுக்கென அமைத்த மேகத்திற்கு 'மேகராஜ்' என்றே பெயரிட்டுள்ளது. மேகம் என்னும் பெயர் கண்டு, கணிப்பொறி வானில் மிதப்பதாக எண்ணற்க. எங்கோ ஓர் ஊரில், குளிரூட்டிய கட்டடத்தில், அடுக்கடுக்காக நிற்கும் இரும்புப் பெட்டிகளே அவை.

இவ்வாடகை முறையில் ஒரு விந்தை உண்டு. ஒரு கணிப்பொறியை நூறு மணி நேரம் எடுத்தாலும், நூறு கணிப்பொறிகளை ஒரு மணி நேரம் எடுத்தாலும் கட்டணம் ஏறத்தாழ ஒன்றே. எனில் நூறு மணி நேரப் பணியை நூறு கணிப்பொறிகளிடம் பகிர்ந்தளித்து ஒரே மணியில் முடித்துவிடலாமே! பணமும் கூடாது, காலமும் மிகும். இவ்வாசையே பலரையும் மேகத்தின்பால் ஈர்க்கிறது. ஆனால் பணி உண்மையில் ஒரு மணியில் முடியுமா? முடியாதெனின் எத்தனை மணியில் முடியும்? பணத்தைக் கட்டுமுன் இதனை அறிதல் கூடுமா? முன்கணிப்பு என்னும் துறை பிறந்தது இவ்வினாக்களிலிருந்தே.

தொகைநிலையும் தொடர்நிலையும்

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்தும். இவற்றுள் பின்னிரண்டும் நமக்கு வேண்டுவன.

புறநானூறு தொகை நூல். அதன் நானூறு பாடல்களையும் பல காலத்துப் பல புலவர் தனித்தனியே பாடினர். ஒரு புலவர் பாடி முடிக்கட்டும் என்று மற்றொருவர் காத்திருக்கவில்லை. நானூறு புலவரை ஒரே நாளில் அமர்த்தினும் நானூறு பாடல்களும் அன்றே பிறந்திருக்கக்கூடும். அந்தாதியோ அத்தகையதன்று. ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாக வரவேண்டும். நூறு புலவரை வரிசையாக அமர்த்தினாலும், முன்னவர் பாடி முடிக்கும் வரை பின்னவர் ஏட்டைத் தொடுதல் இயலாது. தொண்ணூற்றொன்பது பேர் வாளாவிருக்க ஒருவரே பாடுவார். நூறு புலவர்க்குப் பரிசில் கொடுத்தும் வேகம் ஒரு புலவரின் வேகமே.

கணிப்பொறிப் பணிகளும் இவ்விரு வகையின. பழைய நூல்களின் ஒளிப்படப் பக்கங்களை எழுத்துருவாக மாற்றுதல் தொகைநிலைப் பணி; பத்தாம் பக்கத்திற்கும் நூறாம் பக்கத்திற்கும் தொடர்பில்லை. நாளைய வானிலையைக் கணித்தல் பெரிதும் தொடர்நிலைப் பணி. இந்த நிமிடத்தின் காற்றழுத்தம் தெரிந்தாலன்றி அடுத்த நிமிடத்தினது தெரியாது. ஒரே நிமிடத்திற்குரிய கணக்கைப் பல பகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். நிமிடங்களைப் பிரித்துக் கொடுக்க இயலாது. நடைமுறையில் வரும் பணிகளோ தூய தொகையுமல்ல, தூய தொடருமல்ல, இரண்டும் விரவியவை. எப்பகுதி எத்துணை என அளந்தறிவதே முன்கணிப்பின் முதற்படி எனலாம்.

ஒரு சொல்லடைவுக் கணக்கு

தமிழ் ஆய்வாளர்க்குச் சொல்லடைவு புதிதன்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டது. கூகுள் நிறுவனத்தின் ஜெஃப்ரி டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளுக்குப் பணியைப் பகிரும் முறையொன்றை அறிவித்தபோது, அதனை விளக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டும் சொற்களை எண்ணுதலே! நம் துறையினர் ஏட்டுச் சீட்டில் செய்துவந்த வேலை கணிப்பொறியியலின் பாலபாடமாகிவிட்டமை நமக்கு மகிழ்ச்சி தருவதே.

திருக்குறளுக்கு ஒரு சொல்லடைவு செய்வதாகக் கொள்வோம். அதிகாரங்கள் 133. ஓர் அதிகாரத்துச் சொற்களைச் சீட்டில் எழுத ஒரு மணி நேரம் ஆகும் என வைத்துக்கொள்வோம். இது பகிரக்கூடிய பகுதி. சந்தி பிரிப்பது எங்ஙனம், விகுதிகளை என் செய்வது என்னும் பொதுவிதிகளை முதலில் வகுத்தலும், இறுதியில் ஒருவர் முழுவதையும் சரிபார்த்தலும் சேர்ந்து ஏழு மணி நேரம். இது பகிர இயலாத பகுதி. ஒருவரே செய்தால் 140 மணி நேரம் ஆகும்.

ஏழு மாணவரிடம் கொடுப்போம். ஆளுக்கு 19 அதிகாரம். 19 மணியும் 7 மணியும் சேர்ந்து 26 மணியில் முடியும். ஆள் ஏழு மடங்கு. வேகமோ ஐந்து மடங்கிற்குச் சற்று மேல். பத்தொன்பது மாணவரிடம் கொடுத்தால் ஆளுக்கு ஏழு அதிகாரம். மொத்தம் 14 மணி. வேகம் பத்து மடங்கு. 133 மாணவரை அழைத்தால் ஆளுக்கு ஓர் அதிகாரம், 8 மணி, வேகம் பதினேழரை மடங்கு. அதற்கு மேல் உலகத்து மாணவரையெல்லாம் அழைத்து ஆளுக்கு ஒரு சீரைக் கொடுத்தாலும், அந்த ஏழு மணி நேரம் குறையப்போவதில்லை. வேகம் இருபது மடங்கைத் தாண்டாது. இருபதில் ஒரு பங்கு பகிர இயலாததாயின் இருபது மடங்கே எல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜீன் ஆம்தால் 1967ஆம் ஆண்டில் எடுத்துரைத்த கருத்து இதுவே. ஆம்தால் விதி என மாணவர் தேர்வுக்குப் படிப்பதும் இதுவே.

இவ்விதியைக் காண விரும்புவோர் லோயர்கேம்ப் வரை சென்று வரலாம். 1895ஆம் ஆண்டில் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர், தேக்கடியில் ஒரு சுரங்க வழியே மலையைக் கடந்து, பின்னர் நான்கு குழாய்களாகப் பிரிந்து நான்கு மின்னாக்கிகளைச் சுழற்றுகிறது. ஐந்தாவது, ஆறாவது குழாயைப் பதித்தால் நீர் மிகுமா? மிகாது. சுரங்கத்தின் அகலமே எல்லை. மலையடிவாரத்தில் நின்று குழாய்களை எண்ணுபவர் சுரங்கத்தை மறந்துவிடுகிறார். கணிப்பொறிகளை எண்ணுபவரும் அவ்வாறே.

இனிக் கட்டணத்தைக் கணக்கிடுவோம். நாம் ஆசைப்பட்ட சமன்பாடு உடைவது இங்கேதான். சீட்டெழுதி முடித்த மாணவர் காத்திருக்கும் நேரத்திற்கும் கூலி உண்டு எனக் கொள்க. வாடகைக் கணிப்பொறிக்கு அதுவே வழக்கம், இடையே திருப்பி அனுப்பினாலன்றி. ஒருவர் செய்தால் 140 ஆள்மணிக் கூலி. எழுவர் 26 மணி நேரம் எனில் 182. பத்தொன்பதின்மர் 14 மணி நேரம் எனில் 266. 133 பேர் 8 மணி நேரம் எனில் 1064. பதினான்கிலிருந்து எட்டாக, ஆறே மணி நேரம் மிச்சப்படுத்தச் செலவு நான்கு மடங்காகிறது. பெருநிறுவனங்கள் இதைப் பொறுக்கும். மானியத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் ஊரகக் கல்லூரியோ, உழவர் நிறுவனமோ பொறுக்குமா? இக்கணக்கைப் போடாமல் கணிப்பொறிகளை அமர்த்தினால் மாத இறுதியில் வரும் கட்டணச்சீட்டே கணக்கைப் போட்டுக் காட்டும்.

கூடினால் குறையும் வேகம்

இதுவரை கண்டது மாணவர் ஒருவரோடொருவர் பேசாதபோது நிகழ்வது. உண்மையில் அவர்கள் பேசியாகவேண்டும். ஒரே சொல்லை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் பிரித்திருப்பர். ஒவ்வோர் இணையரும் ஆசிரியர் முன்னிலையில் ஒருவர்பின் ஒருவராகத் தம் சீட்டுகளை ஒப்பிட ஒரு நிமிடம் ஆகிறது எனக் கொள்வோம். எழுவரிடையே 21 இணைகள். 21 நிமிடத்தில் முடியும். பத்தொன்பதின்மரிடையே 171 இணைகள். மூன்று மணிக்குச் சற்றுக் குறைவு. 133 பேரிடையே 8778 இணைகள்! 146 மணி நேரம்! ஒருவரே தனித்திருந்து செய்திருந்தால் 140 மணியில் முடிந்திருக்கும் வேலை, 133 பேர் கூடியதால் 154 மணி நேரம் ஆகிறது.

நீல் குந்தர் என்னும் அறிஞர் 1993ஆம் ஆண்டில் ஆம்தால் விதியுடன் இவ்விணைப்பேச்சின் செலவையும் சேர்த்து ஒரு வாய்பாட்டை அமைத்தார். ஆம்தாலின் கோடு உயர்ந்து சென்று ஓரெல்லையில் படுத்துவிடும். குந்தரின் கோடு உயர்ந்து, உச்சியைத் தொட்டு, பின் இறங்கும். மலையேறி இறங்குவது போன்ற இக்கோட்டின் உச்சி எங்குள்ளது என்பதைப் பணம் கட்டுமுன் அறிதல் வேண்டும். உச்சிக்கு அப்பால் அமர்த்தும் ஒவ்வொரு கணிப்பொறியும் கூலியும் வாங்கி வேலையையும் தாமதப்படுத்தும்.

ஆம்தால் விதி கேட்டு மனம் சோர்வோர்க்கு ஜான் கஸ்டஃப்சன் ஆறுதல் கூறுகிறார். அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் 1024 செயலிகள் கொண்ட கணிப்பொறியில் ஆயிரத்தைக் கடந்த வேகப்பெருக்கத்தை அடைந்ததாக 1988ஆம் ஆண்டில் அவர் எழுதினார். மந்திரம் ஒன்றுமில்லை. சிறிய வேலைக்குப் பெரிய படையை அழைக்காதீர். படைக்கேற்பப் பெரிய வேலையைக் கொடுங்கள் என்பதே அவர் கருத்து. திருக்குறளை விடுத்து அதைப் போல் பத்து மடங்கு நூல்களுக்கு அடைவு செய்வோமாயின், பகிரும் பகுதி 1330 மணி. அந்த ஏழு மணி ஏழாகவே நின்றால் 133 பேர் 17 மணியில் முடிப்பர். வேகம் ஏறத்தாழ 79 மடங்கு. நம் நாட்டில் முன்னேறிய கணிப்பியல் வளர்ச்சி மையம் 1991ஆம் ஆண்டில் 'பரம் 8000' என்னும் இணைநிலைக் கணிப்பொறியை உருவாக்கியதும் பெரிய கணக்குகளை நோக்கியே.

கடைமடையின் தாமதம்

முல்லைப் பெரியாற்று நீரால் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. மதகு திறந்த அன்றே தலைமடை நனைந்துவிடும். ஆயினும் 'பாசனம் முடிந்தது' என்று சொல்ல வேண்டுமாயின் கடைமடை நனைய வேண்டும். தலைமடைக்காரரின் விரைவால் கடைமடைக்காரர்க்குப் பயனில்லை.

இணைநிலைப் பணியும் கடைமடையில்தான் முடிகிறது. பதினெண்மர் ஏழு மணியில் முடித்து, ஒருவர் மட்டும் காய்ச்சலால் பதினைந்து மணி எடுத்துக்கொண்டால் வேலை முடியும் நேரம் பதினைந்தே. இது அரிய நிகழ்ச்சி என எண்ணுதல் தவறு. ஒவ்வொரு கணிப்பொறியும் நூற்றுக்கு ஒருமுறையே தாமதிக்கும் எனக் கொள்வோம். ஒன்றை நம்பியிருக்கும் பணி தாமதிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று. நூறு கணிப்பொறிகளையும் ஒருங்கே நம்பியிருக்கும் பணி தாமதிக்கும் வாய்ப்போ நூற்றுக்கு 63. டீனும் லூயிஸ் பரோசோவும் 2013ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இக்கணக்கைக் காட்டியுள்ளனர். அவர்கள் அத்தாமதத்தை 'வால்' என்றனர். நாம் கடைமடைத் தாமதம் என்போம். அது நம் ஊரார்க்கு விளக்கமின்றியே விளங்கும்.

இதற்கொரு மருந்தும் உண்டு. வேலை முடியும் தறுவாயில், எஞ்சி நிற்கும் பகுதிகளை ஓய்ந்திருக்கும் வேறு கணிப்பொறிகளிடமும் கொடுத்து, யார் முதலில் முடிக்கிறாரோ அவர் விடையை ஏற்பது. கூகுளின் 2004ஆம் ஆண்டுச் சோதனையொன்றில் இம்முறையைக் கைவிட்டபோது வேலை 44 விழுக்காடு கூடுதல் நேரம் எடுத்தது.

கடைமடை உருவாவதற்கு நோய் மட்டும் காரணமன்று. பங்கீட்டுப் பிழையும் காரணம். சொல்லடைவில் சீட்டுகளை அகரவரிசைப்படுத்தும் வேலையை எழுத்துக்கு ஒருவராகப் பிரித்துக் கொடுத்தால் என்னாகும்? ககரம் பெற்றவர் இரவு முழுதும் எழுதுவார். ஔகாரம் பெற்றவர் அரை நாழிகையில் எழுந்து தேநீர் அருந்தப் போவார். ணகரம் பெற்றவர்க்கு ஒரு சீட்டும் வாராது, மொழிமுதலாகாத எழுத்தன்றோ! மொழிமுதல் எழுத்துகள் இவை என்று தொல்காப்பியம் படித்த மாணவன் முன்கூட்டியே சொல்லிவிடுவான். தரவின் இயல்பை அறியாமல் கணிப்பொறியின் வேகத்தை மட்டும் அறிந்தவன் சொல்ல மாட்டான்.

போடியின் ஏலம்

இனி நம் மாவட்டத்து உண்மை நிகழ்வொன்றைக் காண்போம். நறுமணப் பொருள் வாரியம் ஏலக்காயை மின்னணு முறையில் ஏலம் விடும் இரு மையங்களுள் ஒன்று போடிநாயக்கனூரில் உள்ளது. மற்றது மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியில் உள்ளது. நோய்த்தொற்றுக் காலத்தில் வணிகர் மாநில எல்லை தாண்டிச் செல்வது அரிதாயிற்று. 2021ஆம் ஆண்டில் இரு மையங்களையும் மேகக் கணிமை வழி இணைத்து, போடியில் அமர்ந்திருப்பவரும் புத்தடியில் அமர்ந்திருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கும் ஏற்பாடு வந்தது. ஏலம் கேட்போர் மிகுந்தால் விளைவிப்போர்க்கு நன்மை என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்பணியில் தொகை எது, தொடர் எது? திரையில் விலையைக் காட்டுதல், ஒவ்வொருவர் அழுத்தும் விசையைப் பெறுதல் ஆகியன தொகைநிலை. நூறு பேர் வந்தாலும் ஆயிரம் பேர் வந்தாலும் கணிப்பொறிகளைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஆனால் ஒரு லாட்டுக்கு இருவர் ஏறத்தாழ ஒரே கணத்தில் விலை கேட்டால் எவர் முந்தினார் என்பதை ஓரிடத்தில்தான் தீர்க்க முடியும். இரண்டு இடத்தில் தீர்த்தால் இரண்டு தீர்ப்பு வரும். ஒரு லாட்டு முடிந்த பின்னரே அடுத்த லாட்டு. இது அந்தாதி. எத்துணைக் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுத்தாலும் ஏல நாளின் நீளத்தை அவை குறைக்கமாட்டா. அந்நீளத்தைத் தீர்மானிப்பன லாட்டுகளின் எண்ணிக்கையும் ஒவ்வொன்றுக்கும் அளிக்கும் நேரமுமே. 'சர்வரைக் கூட்டுங்கள், விரைவில் முடியும்' என்று எவரேனும் ஆலோசனை கூறினால், எப்பகுதிக்குக் கூட்டுவது என்று கேட்டல் தகும்.

சிறிது சமைத்துப் பார்த்தல்

வாய்பாடுகள் இருக்கட்டும், ஒரு பணியின் தொடர்ப்பகுதி எத்துணை என்பதை எவ்வாறு அறிவது? நிரலை வரிவரியாகப் படித்துக் கணிப்பது ஒரு வழி. அது கடினம், பெரும்பாலும் பிழைபடுவது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சிவராம் வெங்கட்ராமன் முதலியோர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'எர்னஸ்ட்' என்னும் முறை வேறு வழி காட்டியது. தரவில் சிறு பகுதியை எடுத்து, சில கணிப்பொறிகளில் மட்டும், எண்ணிக்கையை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பது. கிடைத்த நேரங்களை நான்கு உறுப்புகளின் கூட்டாகப் பொருத்துவது.

அந்நான்கும் நமக்கு முன்பே அறிமுகமானவையே. முதலாவது மாறாத தொடர்ப்பகுதி. இரண்டாவது ஆள் கூடக் குறையும் தொகைப்பகுதி. மூன்றாவது, கபடிப் போட்டியில் சுற்றுச் சுற்றாக அணிகள் இரண்டிரண்டாக மோதிப் பாதியாவது போல் விடைகளை இணையிணையாகச் சேர்க்கும் செலவு. 128 அணிகளுக்கு ஏழு சுற்றே போதும், ஆகவே இது மெல்லவே வளரும். நான்காவது, எல்லோரும் ஒருவரிடமே வந்து ஒப்படைக்கும் செலவு. இது ஆள் கூடக் கூட நேராக வளரும். சிறு சோதனைகளிலிருந்து இந்நான்கின் அளவையும் கண்டுகொண்டால், பெரும்பணி எத்தனை கணிப்பொறியில் எத்தனை மணி எடுக்கும் என்பதைக் காகிதத்திலேயே சொல்லிவிடலாம். நெடிய பணிகளில் இச்சோதனைக்காகும் செலவு முழுப்பணியில் 5 விழுக்காட்டிற்கும் குறைவென அவர்கள் காட்டினர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் நம் முதுமொழியின் கணித வடிவம் எனலாம். ஆனால் ஒரு சோறு போதாது; அடியில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று எனச் சிலவற்றை எடுத்தாக வேண்டும். எவற்றை எடுப்பது என்பதற்கும் அவர்கள் கணக்கு வைத்துள்ளனர்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வாடகைக் கணிப்பொறி என்பது பெரும்பாலும் முழுக் கணிப்பொறியன்று. ஒரு பெரிய கணிப்பொறியைப் பல மெய்நிகர்க் கூறுகளாக்கிப் பலர்க்குக் கொடுக்கின்றனர். அடுத்த கூறில் இருப்பவர் மிகுதியாக வட்டையோ வலையமைப்பையோ பயன்படுத்தினால் நம் வேலை தளரும், மேல்மடைக்காரர் மதகை அகலத் திறந்தால் நம் வாய்க்காலில் நீர் குறைவது போல. எனவே இன்று ஓட்டிய சோதனை நாளைக்கும் பொருந்தும் என்னும் உறுதியில்லை. அன்றியும், வரிசையில் நிற்கும் பணிகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் எர்லாங் 1909ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு அது. பணிகள் முன்னறிவிப்பின்றி வந்துகொண்டிருக்கையில், ஒரு கணிப்பொறி பாதி நேரம் வேலையில் இருந்தால் ஒரு பணி முடியச் சராசரியாக இரண்டு மடங்கு நேரம் ஆகும். பத்தில் ஒன்பது பங்கு நேரம் வேலையில் இருந்தால் பத்து மடங்கு. தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இணையதளம் திடீரென உறைந்துபோவதன் காரணம் இவ்வளவே. முந்தைய நாள்வரை சீராக ஓடியது என்பது அக்காலைக்குச் சான்றாகாது.

ஆகவே தேர்ந்த முன்கணிப்பு ஒற்றை எண்ணைத் தருவதில்லை. நம் சொல்லடைவுக்குப் பத்தொன்பது கணிப்பொறிகளை அமர்த்துவதாயின், 'பதினான்கு மணியில் முடியும்' என்று அது சொல்லாது. இணைப்பேச்சையும் கடைமடையையும் அண்டை வீட்டாரின் ஆரவாரத்தையும் கருதி, 'பத்துமுறை ஓட்டினால் ஒன்பதுமுறை பதினாறுக்கும் இருபதுக்கும் இடையே முடியும். ஒருமுறை அதையும் தாண்டும்' என்ற வாய்பாட்டில் சொல்லும். அந்த ஒருமுறைக்கும் பணம் ஒதுக்கிய பின்னரே வாடகைப் படிவத்தில் கையொப்பமிடுதல் வேண்டும்.